மாளிகைமேடு: கங்கைகொண்டானின் அரண்மனை எங்கே போனது?

திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் பழைய சாலையில், ஜெயங்கொண்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் தெரிய ஆரம்பிக்கும். ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியைச் சுற்றி வருகிறார்கள், சிங்கமுகக் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழன் எந்த வீட்டில் குடியிருந்தார் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் காட்டுவதற்கு அங்கே கட்டடம் எதுவும் கண்ணில் படாது.

இடம் தெரியாமல் இல்லை. கோயிலுக்குத் தென்மேற்கே 2 கிலோமீட்டர் போனால் உட்கோட்டை என்ற கிராமம். அதை ஒட்டி மாளிகைமேடு. பேரே சொல்கிறது. அங்கே பார்க்கக் கிடைப்பது தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொண்டுவந்த செங்கல் அடித்தளங்கள், ஒழுங்கான இடைவெளியில் நிற்கும் சில கருங்கற்கள், ஓட்டுத் துண்டுகள். ஆள் உயரத்துக்குக்கூடச் சுவர் கிடையாது. கங்கைக் கரை வரை படை அனுப்பி, கடல் கடந்து மலேயாவிலிருந்த கடாரத்தையும் அடித்தவன் வாழ்ந்த மாளிகையில் மிஞ்சியது இவ்வளவுதான். அவனுக்குப் பின் சோழ ராஜ்ஜியம் முடியும் வரை சுமார் 250 ஆண்டுகள் இதுதான் தலைநகர்.

கோயில் நிற்கிறது, மாளிகை இல்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: பாண்டியர்கள் வந்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்பது. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் மண்ணுக்குள் கிடைத்திருப்பதைப் பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகிறது.

முதலில் ஊர் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ராஜேந்திரன் 1012-இல் தந்தை ராஜராஜனோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தான். 1014-இல் முழு அரசன். 1020-களின் தொடக்கத்தில் அவன் படை வடக்கே கங்கை வரை போய்த் திரும்பியது. அதன் நினைவாகக் கங்கைகொண்ட சோழன் என்று பட்டம், அந்தப் பட்டத்தின் பேரில் ஊர், ஊருக்கு மேற்கே சோழகங்கம் என்ற ஏரி. 'நீர்மயமான வெற்றித்தூண்' என்று அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. மற்ற அரசர்கள் கல்லில் நட்டதை இவன் தண்ணீரில் நட்டான் என்று பொருள். இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர்.

அப்பா அத்தனை பாடுபட்டு எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலையும் தஞ்சை நகரையும் விட்டு ஏன் இங்கே வந்தான்? எந்தக் கல்வெட்டும் காரணம் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தை விரித்தால் ஓரளவு புரிகிறது. தஞ்சை கொள்ளிடத்துக்குத் தெற்கே, நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. சோழர்களுக்கு அப்போது பெரிய பகை வடமேற்கே இருந்த கல்யாணிச் சாளுக்கியர். மழைக்காலத்தில் கொள்ளிடம் கரை புரண்டால் யானைப்படையும் குதிரைப்படையும் தென்கரையிலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான். வடகரையில் மேட்டு நிலம் ஏராளம், நல்ல நஞ்சையை அழித்துக் கோட்டை கட்ட வேண்டியதில்லை, படை கிளம்ப வழியும் திறந்திருக்கிறது. குறை என்று பார்த்தால் தண்ணீர். அதற்குத்தான் ஏரி. வெற்றித்தூண் என்று புலவர் பாடினாலும், புதுத் தலைநகருக்குக் குடிக்கவும் குளிக்கவும் பயிர் செய்யவும் தண்ணீர் வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

நகரத்தின் அமைப்பு ஓரளவு தெரிகிறது. மாளிகையை நடுவில் வைத்துக்கொண்டால் சிவன் கோயில் வடகிழக்கே, ஈசான்ய மூலையில் வருகிறது. மாளிகையைச் சுற்றி இரண்டு அடுக்கு மதில். ராஜேந்திர சோழன் மதில், உட்படைவீட்டு மதில் என்று கல்வெட்டுகளில் மதில்களுக்குப் பெயர் இருக்கிறது. பின்னால் வந்த குலோத்துங்கன் காலத்தில் பழுதுபார்த்தார்களோ கூட்டிக் கட்டினார்களோ, குலோத்துங்க சோழன் திருமதில் என்றும் ஒரு பெயர் வருகிறது. தெருக்களுக்கும் பெருவழிகளுக்கும் அரச குடும்பத்தின் பெயர்கள்: ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி. எனக்குப் பிடித்தது 'கூழையானை போன பெருவழி'. குட்டையோ வால் அறுந்ததோ, யானை ஒன்று போன வழி. அரசன் வைத்த பெயர் போலத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் வாயில் வந்த பெயர் கல்வெட்டு வரை ஏறிவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

வெளி மதிலின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆறிலிருந்து எட்டு அடி அகலம். நன்றாகச் சுட்ட பெரிய செங்கற்களால் இரண்டு சுவர்களை இணையாக எழுப்பி, நடுவே மணலை நிரப்பியிருக்கிறார்கள். அடியை வாங்கிக்கொள்ள மணலுக்கு நிகர் இல்லை. யானை வந்து முட்டினாலும் சுவர் முழுதாகப் பிளக்காது. வெளிச்சுவரில் ஓட்டை விழுந்தால் மணல் சரிந்து அடைத்துக்கொள்ளும். செங்கல்லும் மிச்சம். கருங்கல் மலை பக்கத்தில் இல்லாத சமவெளியில் கோட்டை கட்டுகிறவனுக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி கிடையாது.

சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெயர்களைக் கேட்டால் கோட்டையின் துறைகளை வரிசையாகப் படிப்பதுபோல இருக்கும்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான், யுத்தப்பள்ளம். இதை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில பெயர்கள் பின்னால் கதை கேட்டு வைத்தவையாகவும் இருக்கலாம். ஆனாலும் மெய்க்காவலர் குடியிருந்த புத்தூர் போன்ற ஒரு பெயரை யாரும் பொழுதுபோகாமல் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

இனி மாளிகை. 1980-81-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாளிகைமேட்டில் தோண்ட ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டில் பல பருவங்கள் தொடர்ந்தது. 2021 முதல் மறுபடியும் சில பருவங்கள் தோண்டினார்கள். கிடைத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கட்டடத்தின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது.

சுவர்கள் சுட்ட செங்கல். தூண்கள் மரம். அந்த மரத்தூண்கள் மண்ணில் நேராக நின்றால் கரையானும் ஈரமும் தின்றுவிடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் அடியில் கருங்கல் பீடம் கொடுத்திருக்கிறார்கள். இன்று வரிசையாக நிற்கும் கற்கள் அவைதான். மரம் போய்விட்டது, மரம் நின்ற இடம் மட்டும் கணக்காக இருக்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்து உத்திரம் எவ்வளவு நீளம் இருந்திருக்கும், கூடம் எவ்வளவு அகலம் என்று போட்டுப் பார்க்கலாம்.

கூரைதான் சுவாரசியம். சின்னச் சின்னத் தட்டை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கேரளத்து வீடுகளில் பார்க்கிற மாதிரிச் சரிவாக அடுக்கும் ஓடு இல்லை. மர உத்திரங்களின் மேல் இந்த ஓடுகளைப் பல அடுக்காகப் பரப்பி, அடுக்குக்கு அடுக்கு நல்ல சுண்ணாம்புச் சாந்து பூசி இறுக்கியிருக்கிறார்கள். நம் பாட்டன் வீடுகளில் இருந்த மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு இது தூரத்துச் சொந்தம். வெயிலுக்குக் குளிர்ச்சி, மேலே ஏறி நடக்கவும் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை. மழைக்கு முன்னால் ஆண்டுதோறும் யாராவது மேலே ஏறி வெடிப்பு பார்த்து, சுண்ணாம்பு அரைத்துப் பூச வேண்டும். ஒரு மழைக்காலம் விட்டால் ஒழுகும். பத்து மழைக்காலம் விட்டால் உத்திரம் உளுத்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இரும்பு ஆணிகளும் பிணைப்புக் கம்பிகளும் கிடைத்தன. மரவேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே கணக்கு. தந்தத்தில் செதுக்கிய துண்டுகள், கண்ணாடி வளையல் துண்டுகள், மணிகள், செப்புக்காசுகள் கிடைத்தன. அப்புறம் சீனப் பீங்கான். பச்சை மெருகு ஏற்றிய செலடான் வகையும் வெள்ளைப் பீங்கானும் உடைந்த துண்டுகளாக மண்ணுக்குள் இருந்தன. சோழர் தூதுக்குழுக்கள் சீனத்து சோங் அரசவைக்குப் போனதைச் சீனக் குறிப்புகள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் போக்குவரத்தின் மறுமுனை இங்கே குப்பைக்குழியில் கிடக்கிறது. எந்தப் பணிப்பெண் கைதவறிப் போட்டு உடைத்து யாரிடம் திட்டு வாங்கினாளோ!

மாளிகைக்குப் பல பெயர்கள் இருந்திருக்கின்றன. கங்கைகொண்ட சோழன் மாளிகை என்று முதலாம் குலோத்துங்கனின் 49-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முன்னால், 1060-களில் ஆண்ட வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கோயிலில் இருக்கிறது. அதில் சோழகேரளன் திருமாளிகை என்ற பெயர் வருகிறது. அந்தக் கல்வெட்டு மாளிகையின் உறுப்புகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது: ஆதிபூமி, அதாவது தரைத்தளம், கீழைச் சோபானம், அதாவது கிழக்குப் பக்கத்துப் படிவாயில், அரசன் அமர்ந்த ஆசனத்துக்கு மாவலி வாணராயன் என்று பெயர். ஆதிபூமி என்று ஒன்றைத் தனியாகச் சொன்னால் மேலே இன்னும் தளம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மாடிக்கட்டடம் என்பதற்கு இந்த ஒரு சொல்தான் எழுத்துச் சான்று. அந்தக் கல்வெட்டை எழுதியவருக்குக் கட்டடத்தை வருணிக்கும் நோக்கமே கிடையாது. அரசன் எங்கே இருந்துகொண்டு உத்தரவு போட்டான் என்று ஆவணத்துக்காக எழுதினார். நமக்கு அதுவே வரைபடம்.

ஆசனத்துக்குப் பெயர் வைப்பது இங்கே மட்டும் இருந்த வழக்கம் இல்லை. 1090-இல் குலோத்துங்கன் ஆயிரத்தளி என்ற ஊரிலிருந்த மாளிகையின் திருமஞ்சனசாலையில், காலிங்கராயன் என்ற ஆசனத்தில் இருந்தபோது, கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு வரிச்சலுகை கேட்டார்கள். ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்த ஆனைமங்கலச் செப்பேடுகளில் சின்னது இதைச் சொல்கிறது. குளியலறைக் கூடத்தில் உட்கார்ந்து வெளியுறவு விவகாரம்! அரண்மனை என்றால் வீடு ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்ததாக நினைக்க வேண்டாம். ராஜா எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அரசாங்கம்.

அரசன் வாயால் சொன்னது ஆணையாகும் முறையும் கல்வெட்டுகளில் விவரமாக இருக்கிறது. சொன்னதைத் திருமந்திர ஓலை என்ற அதிகாரி எழுதிக்கொள்வார். ஓலைநாயகம் என்பவர் அதைப் பார்த்து ஒப்புக்கொள்வார். அப்புறம் அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போய் வரிக்கணக்கில் ஏறும். அங்கே இருந்தவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு கிராமத்தின் வரியைக் கோயிலுக்குத் திருப்பிவிட டஜன் கணக்கில் அதிகாரிகள் பெயர் வருவதைச் செப்பேடுகளில் பார்க்கலாம். இத்தனை பேரும் உட்கார, எழுத, ஓலைக்கட்டுகளைப் பாதுகாத்து வைக்க இடம் வேண்டும். மாளிகை பெரிதாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கூட்டம்தான். அந்த ஓலைகள் எல்லாம் மாளிகையோடு போயின. கல்லிலும் செம்பிலும் வெட்டிய நகல்கள்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன.

மாளிகையைத் தாங்கியவர்கள் வேறொரு கூட்டம். சோழர் தலைநகரங்களில் வேளம் என்ற குடியிருப்புகள் இருந்தன. அரண்மனையில் வேலை செய்த பெண்கள், அவர்களில் பலர் போரில் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள், அங்கே வைக்கப்பட்டார்கள். தஞ்சையில் 'உய்யக்கொண்டான் தெரிந்த திருமஞ்சனத்தார் வேளம்' என்று ஒன்று. அரசன் குளிக்க நீர் கொண்டுவந்து ஊற்றியவர்களின் குடியிருப்பு. 1054-இல் சாளுக்கியரோடு நடந்த கொப்பத்துப் போரில் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் யானைமேல் செத்துவிழ, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடி ஜெயித்தான். பிடித்தவற்றின் பட்டியலில் யானை, ஒட்டகத்தோடு சாளுக்கிய அரசன் ஆகவமல்லனின் தேவியர் சத்தியவ்வை, சாங்கப்பை பெயரும் இருக்கிறது. மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்பாட்டு, பெருமையாகச் சொல்லும் இந்த வரியின் மறுபக்கம் யாரும் எழுதி வைக்காதது. சோழர் பெருமை பேசும்போது வேளத்தைத் தாண்டிப் போய்விடுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது.

மாளிகைக்குள்ளேயும் எப்போதும் அமைதி இல்லை. 1070-இல் வீரராஜேந்திரன் இறந்ததும் வாரிசுத் தகராறு. அவன் மருமகன் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன். அவனுடைய அவைக்கவிஞர் பில்ஹணர் காஷ்மீரிலிருந்து வந்தவர். அவர் சொல்வது இது: விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சி வழியாக கங்கைகொண்ட சோழபுரம் வந்து, மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் உட்கார வைத்தான், ஒரு மாதம் கூடவே இருந்தான், துங்கபத்திரைக் கரைக்குத் திரும்பினான். அவன் ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மைத்துனன் கொல்லப்பட்டான் என்ற செய்தி வந்தது. அரியணையில் ஏறியவன் ஆந்திரத்து வேங்கியிலிருந்து வந்த சாளுக்கியச் சோழன் முதலாம் குலோத்துங்கன். கவிஞர் ஒரு கட்சியின் ஆள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் சாளுக்கியப் படை ஒரு மாதம் இந்தக் கோட்டைக்குள் தங்கியது என்ற செய்தி சோழ மெய்க்கீர்த்தி எதிலும் கிடைக்காத ஒன்று.

சரி, எப்படிப் போனது?

பாண்டியர் பங்கு என்னவென்று பார்ப்போம். 1216-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டில் புகுந்து ஆடிய ஆட்டத்தை அவன் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) செந்தழல் கொளுத்தி, 'கூடமும் மாமதிலும் கோபுரமும் ஆடரங்கும் மாடமும் மாளிகையும் மண்டபமும்' இடித்து, கழுதை பூட்டி உழுது கவடி (சோழி) விதைத்தான் என்று போகிறது. ஆயிரத்தளியில் சோழர்களின் அபிஷேக மண்டபத்திலேயே வீராபிஷேகமும் செய்துகொண்டான். ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பெருமை அடிக்கும் இந்தப் பட்டியலில், எரித்த ஊராக கங்கைகொண்ட சோழபுரம் இல்லை. சோழர் தலைநகரையே கொளுத்தியிருந்தால் அதைச் சொல்லாமல் விடுகிற ஆளா அவன்?

அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகள் சோழர்கள், குறுகிப்போன நாட்டோடு, இருந்தார்கள். மூன்றாம் ராஜேந்திரனின் கடைசிக் கல்வெட்டு ஆண்டு 1279. அந்தச் சமயத்தில் மாறவர்மன் குலசேகரன் சோழநாட்டைப் பாண்டியநாட்டோடு சேர்த்துக்கொண்டான். அப்போது மாளிகைக்கு ஏதாவது நடந்திருக்கலாம். ஆனால் பாண்டியர் கல்வெட்டுகள் இதே கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் சுவரில் இருக்கின்றன. கோயிலுக்கு நிவந்தம், அதாவது அறக்கொடை, கொடுத்தவர்கள் அவர்கள். ஊரையே அழித்துவிட்டு ஊர்க்கோயிலுக்கு நிவந்தம் எழுதுவது நடக்காத காரியம் இல்லை. ஆனாலும் வெறும் சாம்பல்மேட்டுக்கு யாரும் விளக்கெரிக்க ஏற்பாடு செய்வதில்லை. ஊர் இருந்திருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். மாளிகை ஒரு நாளில் சாகவில்லை. அதைப் பராமரிக்கும் கடமை யாருக்கும் இல்லாமல் போன நாளில் சாக ஆரம்பித்தது.

கோயிலுக்கு நிலம் இருந்தது. சந்திரன் சூரியன் உள்ளவரை என்று எழுதிக் கொடுத்த நிலம். அதன் வருமானத்தை அரசன் மாறினாலும் தொட முடியாது என்பது ஊரறிந்த சட்டம். புதிதாக வந்த அரசனுக்கும் அதைக் காப்பது கௌரவம். கூரை ஒழுகினால் பார்க்க ஸ்தானத்தார் என்ற கோயில் நிர்வாகிகள் உண்டு, ஊர்ச்சபை உண்டு. மாளிகைக்கு அப்படி எதுவும் கிடையாது. அதன் சொத்து அரசனின் கருவூலம். அரசன் போனால் கருவூலமும் போச்சு. மதுரையில் இருந்துகொண்டு ஆண்ட பாண்டியனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சோழனின் மாளிகைக்குச் சுண்ணாம்பு அரைத்துப் பூச என்ன தலையெழுத்தா? அந்தத் தட்டோட்டுக் கூரை நினைவிருக்கட்டும். பத்து மழை, இருபது மழை. உத்திரம் இறங்கும், கூரை சரியும், சுவர் தலையில் ஆலும் அரசும் முளைக்கும்.

இதுவரை நடந்தது இயற்கை. ஆனால் மழையும் வேரும் சுவரைச் சாய்க்குமே தவிர, செங்கல்லைத் தின்னாது. தீயும் அப்படித்தான். தீப்பிடித்தால் மரம் போகும், கூரை விழும், சுட்ட செங்கல் இன்னும் கொஞ்சம் சுடும். அவ்வளவு பெரிய மாளிகையின் சுவர்கள் சாய்ந்திருந்தால் செங்கல் மலையாகக் குவிந்து கிடக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் பல இடங்களில் அடித்தளச் செங்கல்லே உருவப்பட்டிருக்கிறது. செங்கல் இல்லை, செங்கல் இருந்த பள்ளம் இருக்கிறது. அதை எடுத்தவர்கள் பாண்டியப் படைவீரர்கள் இல்லை. எந்தப் படையும் எதிரி வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டிச் செங்கல்லைச் சுத்தம் செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாது. எடுத்தது சுற்றுவட்டார மக்கள், தலைமுறை தலைமுறையாக. வீடு கட்ட, கிணறு கட்ட, குளத்துப் படி கட்ட. நன்றாகச் சுட்ட பெரிய செங்கல் காலடியில் சும்மா கிடக்கும்போது சூளை போட யாருக்கு மனசு வரும்? குறை சொல்லவும் முடியாது. ராஜா அதைக் கட்டியதும் அவர்கள் முன்னோர்கள் கொடுத்த வரியில்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு இடத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இலங்கையில் சோழர்கள் தலைமையிடமாக வைத்திருந்த பொலன்னறுவை. சோழர்கள் போன பிறகு 12-ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு அங்கே கட்டிய அரண்மனையின் செங்கல் சுவர்கள் இன்றும் பல ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. மேல்தளத்து உத்திரங்கள் சொருகிய துளைகள்கூடச் சுவரில் தெரிகின்றன. அதுவும் செங்கல், அதுவும் மரக்கூரை. அந்த நகரம் 13-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டு, மக்கள் தென்மேற்கே நகர்ந்து, காடு மூடிக்கொண்டது. செங்கல் எடுக்கப் பக்கத்தில் ஆள் குறைவு. காடு காப்பாற்றியதை இங்கே ஊர் கரைத்துவிட்டது. சோழர் மாளிகை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பொலன்னறுவைக்குப் போய் அந்தத் துளைகளைப் பார்ப்பது நல்ல வழி.

தமிழ்நாட்டில் இந்த ஒரு மாளிகைக்கு மட்டும் நேர்ந்த கதியும் இல்லை இது. சுந்தர சோழன் உயிர்விட்ட காஞ்சிப் பொன்மாளிகை எங்கே? பழையாறையில் இருந்தது எங்கே? பட்டீஸ்வரம் பக்கத்தில் சோழன்மாளிகை என்று ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது. தஞ்சாவூரில் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அரண்மனை நாயக்கரும் மராட்டியரும் கட்டியது. சோழர் மாளிகை என்று சொல்லிக் காட்ட ஒரு கட்டடம்கூட இல்லை. சொந்த வாரிசே இடித்த கதையும் உண்டு: திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் கட்டிய மகாலின் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். பழைய மாளிகை என்பது புது மாளிகைக்கான சாமான் கிடங்கு, அப்படித்தான் பார்த்தார்கள்.

கோயிலும் தப்பிவிட்டது என்று நிம்மதிப்பட முடியாது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டம். நல்ல திட்டம்தான், இன்றுவரை பாசனம் நடக்கிறது. ஆனால் கல் வேண்டுமே? பக்கத்தில் மலை இல்லை, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் இருந்தது. அதைக் கிட்டத்தட்ட முழுதாகப் பெயர்த்து எடுத்தார்கள். சிற்ப வேலை செய்த கற்களும் போயின. 1855-இல் வந்த ஓர் ஆங்கிலக் குறிப்பு இதை மனம் கொதித்து எழுதியிருக்கிறது. ஊர்மக்கள் தங்களால் முடிந்தவரை தடுத்தார்கள், கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள், கட்டித் தரவே இல்லை என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. வழிபாடு நடந்த கருவறையையும் விமானத்தையும் மட்டும் கைவைக்கத் துணியவில்லை. வழிபாடு இல்லாத மாளிகைமேட்டுக்காக யாரும் இப்படி மறித்ததாகச் செய்தி இல்லை.

அதே குறிப்பில் நமக்கு முக்கியமான இன்னொரு செய்தியும் இருக்கிறது. வடக்கு தெற்காக 16 மைல் ஓடும் ஏரிக்கரை, கொள்ளிடத்திலிருந்து 60 மைல் தூரம் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால், எல்லாம் தூர்ந்து காடாகிக் கிடக்கின்றன என்று விவரித்துவிட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் காடு சூழ்ந்த மேடுகளைப் பற்றி எழுதுகிறது. பாபிலோன் நகரம் இருந்த இடத்து மண்மேடுகள் மாதிரி இருக்கின்றன என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் அந்த மேடுகளில் இது இன்ன கட்டு, இது இன்ன கட்டு என்று பரந்த ஒரு மாளிகையின் பகுதிகளைச் சுட்டிக் காட்டினார்களாம். மாளிகை முடிந்து ஏறக்குறைய 600 ஆண்டுகள். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர் யாரும் வருவதற்கு முன்னால், வாய்வழிச் செய்தியாகவே அந்த வரைபடம் ஊரில் இருந்திருக்கிறது. அந்த எழுத்தாளர் பெரியவர்கள் சொன்னதை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தால் இன்று குழி போடுகிறவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

ஊர்வாய்ச் செய்தி எல்லாமே அப்படி நம்பத்தக்கது என்றும் இல்லை. மாளிகையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டு, ராணிகள் அதன் வழியாகத்தான் சாமி கும்பிட வந்தார்கள் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத பழைய கோயிலை நான் இன்னும் கேள்விப்படவில்லை. 2 கிலோமீட்டர் தூரம், நிலத்தடி நீர் ஊறும் மண், காற்றுப் போக வழி வேண்டும். பல்லக்கில் மேலே வருவதே ராணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்றைய அகழாய்வின் சிக்கல் பணம் மட்டும் இல்லை. கோட்டை இருந்த நிலத்தின் பெரும்பகுதி இப்போது வயலும் கொல்லையும் வீடுகளும். தோண்டக் கிடைப்பது மாளிகைமேட்டைச் சுற்றியுள்ள கொஞ்ச நிலம். அதிலும் செங்கல் உருவப்பட்ட இடங்களில் மண் அடுக்குகள் கலங்கிவிட்டதால், எந்தப் பொருள் எந்தக் காலம் என்று சொல்வது பாடாக இருக்கிறது. கிடைத்த சுவர் ராஜேந்திரன் கட்டியதா, 150 ஆண்டு கழித்து யாராவது மாற்றிக் கட்டியதா என்பதை ஒரே ஒரு குழியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ராஜேந்திரன் தன் பெயரில் இந்தக் கோயிலில் தஞ்சை மாதிரி நீளமாகக் கல்வெட்டு வெட்டி வைக்கவும் இல்லை. அப்பா ஒவ்வொரு விளக்குக்கும் கணக்கு எழுதினார், மகன் எழுதவில்லை. ஆகவே ஆசனத்தின் பெயர் வந்த அந்த வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு போன்ற ஓரத்துச் செய்திகளைத்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயிலைப் பார்த்துவிட்டு, உட்கோட்டைக்கு வழி கேட்டுப் போங்கள். வண்டியில் சில நிமிடம்தான். முதலில் ஊரிலுள்ள அரசு அகழ்வைப்பகத்தில் ஓடுகளையும் ஆணிகளையும் பீங்கான் துண்டுகளையும் பார்த்துவிட்டுப் போனால், மேட்டில் கண்ணில் படுவது எது என்று புரியும். இல்லாவிட்டால் வெறும் செங்கல் வரிசை என்றுதான் தெரியும். அங்கே நின்று கருங்கல் பீடங்களுக்கு நடுவே அடி வைத்து எண்ணிப் பாருங்கள், கூடத்தின் அளவு பிடிபடும். செங்கல்லை மட்டும் நினைவுக்கென்று எடுத்துவர வேண்டாம். ஏற்கனவே போதுமான அளவு எடுத்தாகிவிட்டது.